நாணய இடர் எங்கே போகிறது?
பன்னாட்டு நிறுவனங்களின் செலாவணி மேலாண்மை குறித்து ஓர் ஆய்வு

1. கேள்வி

ஒரு நாட்டில் பொருளைச் செய்து, இன்னொரு நாட்டில் விற்று, மூன்றாவது நாட்டில் கடன் வாங்கி, நான்காவது நாட்டுப் பங்குதாரருக்கு லாபம் பிரித்துக் கொடுக்கும் நிறுவனத்துக்கு நாணய மாற்று விகிதம் ஓயாத கவலை. அந்தக் கவலையைக் கையாளும் வழிகளை மேலாண்மைப் பாடநூல்கள் விரிவாகவே சொல்கின்றன. முன்பேர ஒப்பந்தம், ஆப்ஷன், நாணயப் பரிமாற்றம் என்று ஒரு கருவிப்பெட்டியே இருக்கிறது. எந்தக் கருவியை எப்போது எடுப்பது என்பதே அங்கே பேச்சு.

இக்கட்டுரை வேறொன்றைக் கேட்கிறது. தன் நாணய இடரை 'மூடிவிட்டதாக' ஒரு நிறுவனம் சொல்லும்போது, அந்த இடர் எங்கே போகிறது?

இதற்கு மூன்று விடைகள் இருக்கின்றன. சில ஏற்பாடுகளில் இடர் உண்மையாகவே ரத்தாகிறது. சிலவற்றில், தாங்கக்கூடிய ஒருவர் அதற்கான விலையை வாங்கிக்கொண்டு ஏற்றுக்கொள்கிறார். வேறு சிலவற்றில், பேரம் பேச வலுவில்லாதவர் மேல் போய் இறங்குகிறது. ஆய்வுலகம் முதல் இரண்டையும் நன்றாக அளந்திருக்கிறது. மூன்றாவதை நிறுவனத்தின் கணக்கேடுகளில் தேடிக் காண முடியாது. ஏனெனில் அது அந்தக் கணக்கேடுகளுக்கு வெளியேதான் நிகழ்கிறது.

2. பின்னணி

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய கால் நூற்றாண்டில் இந்தக் கவலை பெரிதாக இல்லை. 1944-இல் பிரெட்டன் உட்ஸில் வகுக்கப்பட்ட ஏற்பாட்டின்படி, மற்ற நாணயங்கள் டாலருடனும் டாலர் தங்கத்துடனும் பிணைக்கப்பட்டிருந்தன. மதிப்புக் குறைப்பு எப்போதாவது நிகழும். அது ஓர் அரசியல் முடிவாகவும் இருக்கும். 1971 ஆகஸ்ட் 15 அன்று டாலருக்குத் தங்கம் தருவதை அதிபர் நிக்சன் நிறுத்தினார். 1973 மார்ச்சில் முக்கிய நாணயங்கள் மிதக்கத் தொடங்கின. அதுவரை நாடுகளின் மைய வங்கிகள் தாங்கிவந்த விலை ஏற்றத்தாழ்வு, ஏற்றுமதி செய்வோர், இறக்குமதி செய்வோர், கடன் வாங்கியோர் என்று தனித்தனிக் கைகளுக்கு இறங்கியது. இடர் இடம்மாறிய முதல் பெருநிகழ்வு இதுதான் எனலாம்.

அந்த இடரை வாங்கி விற்கும் சந்தையும் உடனே எழுந்தது. சிகாகோ வணிகச் சந்தையில் 1972 மே மாதமே நாணய எதிர்கால ஒப்பந்தங்கள் விற்பனைக்கு வந்துவிட்டன. பன்னாட்டுத் தீர்வு வங்கியின் கணக்கெடுப்பின்படி, 2022 ஏப்ரலில் உலகச் செலாவணிச் சந்தையின் ஒரு நாள் வணிகம் 7.5 லட்சம் கோடி டாலர். அந்தப் பரிவர்த்தனைகளில் 88 விழுக்காட்டில் ஒரு பக்கம் டாலர் இருந்தது. இந்த டாலர் முதன்மையின் விளைவை ஆறாம் பகுதியில் காண்போம்.

3. மூவகை இடர்

வழக்கமான வகைப்பாடு மூன்று. முதலாவது பரிவர்த்தனை இடர்: விலை பேசிய நாளுக்கும் பணம் கைக்கு வரும் நாளுக்கும் இடையில் விகிதம் மாறுவது. இரண்டாவது கணக்கு மாற்ற இடர்: வெளிநாட்டுத் துணை நிறுவனத்தின் சொத்தையும் கடனையும் தாய் நிறுவனத்தின் நாணயத்தில் எழுதும்போது, ஒரு காசும் கைமாறாமலே லாப நட்டம் தோன்றுவது. மூன்றாவது பொருளாதார இடர்: விகித மாற்றம் நிறுவனத்தின் போட்டித் திறனையே மாற்றிவிடுவது.

முதலாவதற்குத் தேதியும் தொகையும் உண்டு. இன்றே விகிதத்தை நிர்ணயித்துவிடும் முன்பேர ஒப்பந்தம் போட்டு மூடலாம். இரண்டாவது பெரும்பாலும் ஏட்டளவானது. அமெரிக்கக் கணக்கியல் நெறிவாரியம் 1975-இல் கொண்டுவந்த எட்டாம் நெறி, இந்த ஏட்டு லாப நட்டங்களை நேரே ஆண்டு வருமானத்தில் காட்டச் சொன்னது. அதைச் சமாளிக்க நிறுவனங்கள் உண்மையான பணம் செலவழித்துக் காப்புத் தேடின. 1981-இல் வந்த 52-ஆம் நெறி பெரும்பாலான துணை நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயத்தை நீக்கியது. எதை இடர் என்று எண்ணுவது என்பதைச் சந்தை மட்டுமன்றிக் கணக்கு விதியும் தீர்மானிக்கிறது என்பதற்கு இது சான்று.

மூன்றாவதுதான் ஆழமானது. 1980-களின் முதற்பாதியில் டாலர் வலுத்தபோது, மண் அள்ளும் எந்திரங்கள் செய்யும் அமெரிக்காவின் கேட்டர்பில்லர் நிறுவனம் 1982 முதல் 1984 வரை மூன்றாண்டுகளில் ஏறத்தாழ 100 கோடி டாலர் இழந்தது. தேக்கநிலையும் வேலைநிறுத்தமும் காரணங்கள்தாம். ஆனால், ஜப்பானின் கொமாட்சு அதே எந்திரத்தை மலிவான யென்னில் செய்து விற்க முடிந்தது என்பது பெருங்காரணம். கேட்டர்பில்லர் தனது ஒவ்வொரு வெளிநாட்டு ஆர்டருக்கும் முன்பேர ஒப்பந்தம் போட்டிருந்தாலும் இந்த இழப்பைத் தடுத்திருக்க முடியாது. போட்டியாளரின் நாணயத்துக்கு எதிராக ஒப்பந்தம் போடும் தேதி எது, தொகை எது?

4. ஒப்பந்தங்களால் காத்தல்

எளிய வழி நிறுவனத்துக்குள்ளேயே தொடங்குகிறது. ஒரு துணை நிறுவனம் யூரோ தர வேண்டும். இன்னொன்றுக்கு யூரோ வர வேண்டும். இரண்டையும் தலைமையகத்தின் நிதிப்பிரிவு நேர்செய்துவிட்டு, எஞ்சிய நிகரத் தொகைக்கு மட்டும் சந்தைக்குப் போகிறது. இங்கே இடர் உண்மையாகவே ரத்தாகிறது. யாருக்கும் அது போய்ச் சேரவில்லை.

இதே தர்க்கம் இரு நிறுவனங்களுக்கு இடையிலும் செல்லும். 1981-இல் உலக வங்கியும் ஐ.பி.எம். நிறுவனமும் செய்துகொண்ட நாணயப் பரிமாற்றம் இத்துறையின் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்று. ஐ.பி.எம்முக்கு ஜெர்மன் மார்க்கிலும் சுவிஸ் பிராங்கிலும் கடன் இருந்தது. உலக வங்கிக்கு அந்தக் குறைந்த வட்டி நாணயங்களில் கடன் தேவைப்பட்டது. சாலமன் பிரதர்ஸ் நடுவில் நின்று, ஒருவர் கடனை மற்றவர் கட்டும்படி ஏற்பாடு செய்தது. எதிரெதிர்த் தேவைகள் கொண்ட இருவர் சந்தித்தால் இருவர் சுமையும் குறையும் என்பதை இது காட்டியது. 'இடர் ஒருபோதும் அழியாது' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது இந்தக் காரணத்தால் தவறு.

ஆனால் எதிர்த்தேவை எப்போதும் வாய்ப்பதில்லை. வாய்த்தாலும் முடிவு சரியாக அமைவதில்லை. 1985 ஜனவரியில் ஜெர்மனியின் லுஃப்தான்சா, தலைவர் ஹைன்ஸ் ரூனௌவின் காலத்தில், 20 போயிங் 737 விமானங்களை 50 கோடி டாலருக்கு வாங்க ஒப்புக்கொண்டது. ஓராண்டு கழித்துப் பணம் தர வேண்டும். தொகையில் பாதியை ஒரு டாலருக்கு 3.2 மார்க் வீதம் ரூனௌ முன்பேரமாகப் பதிந்தார். ஓராண்டில் டாலர் 2.3 மார்க்காகச் சரிந்தது. பதியாமலே விட்டிருந்தால் மிஞ்சியிருக்கக்கூடிய தொகை ஏறத்தாழ 22.5 கோடி மார்க். ஜெர்மனியில் பெரும் கண்டனம் எழுந்தது.

அந்தக் கண்டனம் பின்னறிவின் பலத்தில் எழுந்தது என்று விலக்கிவிடலாம். காப்பு என்பது இலாபத்துக்கான ஊகமன்று என்று வாதிடலாம். ஆனால் வலுவான விமர்சனம் வேறிடத்தில் இருக்கிறது. லுஃப்தான்சாவின் பயணச்சீட்டு வருமானத்தில் ஒரு பங்கு டாலரோடு சேர்ந்து ஏறி இறங்கியது. டாலர் வலுத்தால் விமானச் செலவு கூடும், வருமானமும் கூடும். வாங்கும் ஒப்பந்தம் ஒன்றை மட்டும் தனியே பிரித்துப் பார்த்ததால், ஏற்கெனவே ஓரளவு தானாகச் சமனாகியிருந்த நிலைக்கு மேல் இன்னொரு காப்பு ஏறியது.

காப்பின் பெயரால் புதிய இடரும் நுழையலாம். 1987-இல் ஃபோக்ஸ்வாகன் தன் செலாவணிப் பிரிவில் நடந்த மோசடியால் ஏறத்தாழ 48 கோடி மார்க் இழந்ததாக அறிவித்தது. பதியப்பட்டதாகக் காட்டிய காப்பு ஒப்பந்தங்கள் போலியானவை.

5. ஆய்வுலகின் விவாதம்

நிறுவனம் நாணய இடரைக் காக்கத்தான் வேண்டுமா? மோடிகிலியானி, மில்லர் இருவரும் 1958-இல் வைத்த வாதத்தின் நீட்சியாகப் பார்த்தால், வேண்டாம். பங்குதாரர் தாமே பல நாடுகளின் பங்குகளைக் கலந்து வைத்துக்கொண்டு இடரைப் பரப்பிக்கொள்ள முடியும். குறைகளற்ற சந்தையில் நிறுவனத்தின் காப்புச் செலவு வீண்.

சந்தை குறைகளற்றதாக இல்லை என்பதிலிருந்து எதிர்வாதம் கிளம்புகிறது. மெர்க் மருந்து நிறுவனத்தின் நிதிப்பொறுப்பாளராக இருந்த ஜூடி லெவென்ட், ஜான் கியர்னியுடன் சேர்ந்து 1990-இல் எழுதிய கட்டுரை இதில் குறிப்பிடத்தக்கது. அயல்நாட்டு வருமானம் டாலரில் சுருங்கும் ஆண்டில் மருந்து ஆராய்ச்சிச் செலவை வெட்டும் கட்டாயம் வரும். அதைத் தவிர்க்கவே காப்பு என்பது அவர்கள் நிலை. ஃப்ரூட், ஷார்ஃப்ஸ்டீன், ஸ்டைன் ஆகிய மூவர் 1993-இல் இதற்குக் கோட்பாட்டு வடிவம் தந்தனர். வெளிப்பணம் சொந்தப் பணத்தைவிடச் செலவு மிக்கது என்பதால், முதலீட்டுக்குத் தேவையான பணம் தேவையான நேரத்தில் கையில் இருக்கச் செய்வதே காப்பின் பயன் என்றனர்.

கள ஆய்வுகள் ஒரே திசையைக் காட்டவில்லை. 1990 முதல் 1995 வரை 720 பெரிய அமெரிக்க நிறுவனங்களை ஆராய்ந்த அலயானிஸ், வெஸ்டன் இருவரும், முன்பேரம், ஆப்ஷன் போன்ற நாணய டெரிவேட்டிவ்களைப் பயன்படுத்தும் நிறுவனங்களின் சந்தை மதிப்பு சராசரியாக ஏறத்தாழ 5 விழுக்காடு கூடுதல் என்று 2001-இல் எழுதினர். ஈராண்டு கழித்து குவேயும் கோத்தாரியும், நிறுவனங்கள் வைத்திருக்கும் டெரிவேட்டிவ்களின் அளவு அவற்றின் மொத்த இடரோடு ஒப்பிடச் சிறியது, அவ்வளவு பெரிய மதிப்பு வேறுபாட்டை அவற்றால் உண்டாக்க முடியாது என்றனர். இதற்கும் முன்பே, 1990-இல் ஃபிலிப் ஜோரியோன், அமெரிக்கப் பன்னாட்டு நிறுவனங்களுள் மிகச் சிலவற்றின் பங்கு விலையே நாணய விகிதத்தோடு தெளிவாக ஒட்டி அசைகிறது என்று கண்டிருந்தார்.

ஜோரியோனின் முடிவு ஒரு புதிராகவே தொடர்ந்தது. உலகெங்கும் வணிகம் செய்யும் நிறுவனத்தின் மதிப்பு ஏன் நாணயத்தோடு அசையவில்லை? டெரிவேட்டிவ் சிறியது என்றால் காப்பு வேறெங்கோ இருக்க வேண்டும். அந்த இடங்களாக இரண்டைச் சொல்லலாம். ஒன்று, தொழிற்சாலை எங்கே நிற்கிறது என்பது. மற்றது, விலைப்பட்டியல் எந்த நாணயத்தில் எழுதப்படுகிறது என்பது.

6. ஆலையும் விலைப்பட்டியலும்

1985 செப்டம்பர் 22 அன்று நியூயார்க்கின் பிளாசா விடுதியில் ஐந்து நாடுகள் டாலரின் மதிப்பைக் குறைக்க உடன்பட்டன. அப்போது ஏறத்தாழ 240 யென்னாக இருந்த டாலர், 1987 இறுதிக்குள் கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது. இரண்டு ஆண்டில் விலை பாதியாவதை எந்த முன்பேர ஒப்பந்தமும் நெடுங்காலம் தாங்காது. ஜப்பானியக் கார் நிறுவனங்களின் விடை ஆலைகளாக இருந்தது. ஹோண்டா 1982-இலேயே ஒஹையோவில் கார் செய்யத் தொடங்கியிருந்தது. நிசான் 1983-இல் டென்னசியில் வாகன உற்பத்தியைத் தொடங்கியது. டொயோட்டாவின் கென்டக்கி ஆலை 1988-இல் உற்பத்தியைத் தொடங்கியது. 1981-இல் ஜப்பான் ஏற்ற ஏற்றுமதி வரம்பு முதல் உந்துதல் என்பதால், இதை முழுக்க நாணயக் காப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் யென் வலுத்த பிறகு இந்த ஆலைகள் காப்பாகவே பயன்பட்டன. விற்கும் நாணயத்திலேயே செலவும் நடந்தது. பி.எம்.டபிள்யூ 1994-இல் தென் கரோலினாவில் ஆலை திறந்ததிலும் மார்க்கின் வலிமைக்குப் பங்குண்டு.

நிறுவனத்தின் பக்கம் நின்று பார்த்தால் இது சிறந்த காப்பு. ஜப்பானில் தங்கிவிட்ட சிறு உதிரிபாகப் பட்டறைகளின் பக்கம் நின்றால் வேறு காட்சி. யென் ஏறிய ஆண்டுகளில் விலையைக் குறைக்கச் சொல்லும் அழுத்தம் அவர்களுக்கே வந்தது. அமெரிக்காவுக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் பெயர முடிந்தவர்கள் பெயர்ந்தார்கள். முடியாதவர்கள் ஆர்டரை இழந்தார்கள்.

விலைப்பட்டியலின் நாணயம் இதைவிட அமைதியான கருவி. பொருளியலாளர் கீதா கோபிநாத்தும் உடன் ஆய்வாளர்களும் வகுத்த ஆதிக்க நாணயக் கோட்பாடு, உலக வணிகத்தின் பெரும்பகுதி வாங்குபவர் நாணயத்திலும் இல்லை, விற்பவர் நாணயத்திலும் இல்லை, டாலரில் நடக்கிறது என்று காட்டியது. அவர் எடுத்துக்காட்டிய தரவின்படி, இந்தியாவின் இறக்குமதியில் அமெரிக்காவிலிருந்து வருவது 5 விழுக்காடு. டாலரில் விலையிடப்படுவதோ 86 விழுக்காடு. அமெரிக்கச் சில்லறை விற்பனை நிறுவனம் ஒன்று ஆசியாவின் பல நாடுகளில் ஆடை வாங்கி, எல்லாவற்றுக்கும் டாலரில் விலை பேசினால், அந்தக் கொள்முதலில் அதற்கு நேரடி நாணய இடரே இல்லை. அது எந்த ஒப்பந்தமும் போடவில்லை. ஆகவே எந்த டெரிவேட்டிவ் அட்டவணையிலும் இது தெரியாது. ஜோரியோனின் புதிருக்கு விடையின் ஒரு பகுதி இங்கே இருக்கிறது என்று கருத இடமுண்டு.

7. மறுமுனை: திருப்பூர், 2007–08

மறுமுனையில் இருப்பவர் என்ன ஆகிறார் என்பதற்குத் திருப்பூர் நல்ல சான்று. 2007 தொடக்கத்தில் டாலருக்கு 44 ரூபாயாக இருந்தது ஆண்டு இறுதியில் 39-ஐ ஒட்டி வந்தது. மெல்லிய லாபத்தில் டாலரில் ஆர்டர் எடுத்த பின்னலாடை ஏற்றுமதியாளருக்கு இந்தப் பத்து விழுக்காட்டு வீழ்ச்சி முழு லாபத்தையும் விழுங்கப் போதுமானது. ஆடை வாங்கும் வெளிநாட்டு நிறுவனம், அதாவது பையர், டாலர் விலையை ஏற்றித் தரவில்லை. மத்திய அரசு வட்டிச் சலுகையும் டிராபேக் எனப்படும் வரித் திருப்பீட்டு விகித உயர்வும் அறிவித்தது. அதாவது சுமையின் ஒரு பகுதி பொதுப்பணத்துக்கு மாறியது.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு, நியாயமானதும்கூட. ரூபாய் சரியும்போது அதே ஏற்றுமதியாளர் ஆதாயம் அடைகிறாரே? வெளிநாட்டு நாணயத்தில் பேக்கிங் கிரெடிட் எனப்படும் ஏற்றுமதிக்கு முந்தைய கடன் வாங்கினால், வரவேண்டிய டாலரை முன்கூட்டியே ரூபாயாக்கி இடரைப் பெருமளவு மூடிக்கொள்ளலாமே? ஆம். ஆனால் இரண்டிலும் சமச்சீர் இல்லை. ரூபாய் சரிந்தால் அடுத்த ஆர்டரில் விலைக்குறைப்புக் கேட்கிறார்கள் என்பது ஏற்றுமதியாளர்கள் தொடர்ந்து சொல்லிவரும் குறை. வங்கி வரம்பும் பிணையும் உள்ளவருக்கே கடனும் முன்பேர வசதியும் கிடைக்கும். அவர்களுக்குக் கீழே ஜாப் ஒர்க் முறையில் ரூபாய்க் கூலிக்குத் தைக்கும், சாயமேற்றும் பட்டறைகளுக்கு டாலர் வரவே இல்லை. டாலரின் விளைவு மட்டும் கூலிக் குறைப்பாக வருகிறது. மேட்டில் மடை திறந்தால் பள்ளத்து வயலில்தான் நீர் தேங்கும்.

காப்புத் தேடிய இடைநிலை நிறுவனங்களுக்கு வங்கிகள் விற்ற பண்டம் இன்னும் சிக்கலானது. முன்பணம் ஏதும் இல்லை என்ற கவர்ச்சியோடு டாலர்–சுவிஸ் பிராங்க், டாலர்–யென் விகிதங்களைச் சார்ந்த ஆப்ஷன் கலவைகள் வந்தன. ரூபாய்–டாலர் இடர் உள்ளவருக்குச் சுவிஸ் பிராங்கோடு என்ன உறவு? விகிதம் ஒரு வரம்புக்குள் இருக்கும்வரை சிறு ஆதாயம். வரம்பு உடைந்தால் பெருநட்டம். 2008 மார்ச்சில் டாலர் ஒரு பிராங்குக்கும் கீழே இறங்கியது. திருப்பூரிலும் கோவையிலும் நட்டங்கள் குவிந்தன. கோவையைச் சேர்ந்த ராஜஸ்ரீ சுகர்ஸ் நிறுவனம் ஆக்சிஸ் வங்கிக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், சென்னை உயர்நீதிமன்றம் 2008 அக்டோபரில் இத்தகைய ஒப்பந்தம் சூதாட்ட ஒப்பந்தம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. டெரிவேட்டிவ் விதிமீறல்களுக்காக ரிசர்வ் வங்கி 2011 ஏப்ரலில் 19 வங்கிகளுக்கு அபராதம் விதித்தது. ஒவ்வொன்றுக்கும் அது சில லட்சம் ரூபாய் அளவே.

8. கடைசி வழி: வெளியேறுதல்

சில நாணயங்களுக்குக் காப்பே கிடைக்காது, அல்லது அதன் விலை கட்டுப்படியாகாது. 1991 முதல் டாலரோடு ஒன்றுக்கொன்றாகப் பிணைந்திருந்த அர்ஜென்டினாவின் பெசோ 2002 ஜனவரியில் அந்தப் பிணைப்பை இழந்தது. அதற்கு முந்தைய மாதங்களிலேயே முன்பேர விலை வரவிருந்த வீழ்ச்சியைத் தன்னுள் ஏற்றிக்கொண்டிருந்தது. வெனிசுலாவில் பொலிவரை டாலராக்க அனுமதி கிடைக்காத நிலையில், பெப்சிகோவும் பிராக்டர் அண்ட் கேம்பிளும் 2015-இல் அங்குள்ள துணை நிறுவனங்களைத் தம் ஒருங்கிணைந்த கணக்கிலிருந்தே நீக்கின. நைஜீரியா 2023 ஜூனில் நைராவைத் தளர்த்தியது, மதிப்பு சரிந்தது. ஆகஸ்டில் ஜி.எஸ்.கே. மருந்து நிறுவனமும் டிசம்பரில் பிராக்டர் அண்ட் கேம்பிளும் அங்கே நேரடிச் செயல்பாட்டை முடித்துக்கொண்டு இறக்குமதி முறைக்கு மாறுவதாக அறிவித்தன. நைஜீரியாவில் ஆஸ்துமா மருந்துகளின் விலையும் ஆன்டிபயாட்டிக் விலையும் கடுமையாக ஏறின. பங்குதாரர் அறிக்கையில் இடர் குறைந்தது. நோயாளியின் மருந்துச் செலவில் அது கூடியது. நைராவின் சரிவுக்கு நிறுவனங்கள் காரணமல்ல. ஆனால் சரிவின் சுமை யாரிடம் தங்கியது என்பதை வெளியேறும் வசதி தீர்மானித்தது.

9. மதிப்பீடு

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம்.

முதலாவது, காப்புக் கருவிகளை ஒட்டுமொத்தமாகச் சந்தேகிக்க வேண்டியதில்லை. நேர்செய்தலும் எதிர்த்தேவையாளரோடு பரிமாற்றமும் மொத்தச் சுமையையே குறைக்கின்றன. மெர்க்கின் வாதம் காட்டுவதுபோல், ஆராய்ச்சியும் முதலீடும் தடைபடாமல் தொடர அவை உதவுகின்றன.

இரண்டாவது, நிறுவனத்தின் பங்கு மதிப்பை மட்டும் அளக்கும் ஆய்வு, இடர் குறைந்ததா இடம்மாறியதா என்பதைச் சொல்ல இயலாது. இரண்டுமே அந்த அளவுகோலில் ஒன்றுபோலத் தெரியும். பையரின் கணக்கில் இல்லாத இடர் திருப்பூர் ஜாப் ஒர்க் பட்டறையின் கூலியில் இருக்கிறதா என்று பார்க்க, ஆய்வின் அலகு நிறுவனத்திலிருந்து வழங்கல் சங்கிலிக்கு மாற வேண்டும்.

மூன்றாவது, தீர்வுகளும் இடரைக் குறைக்கின்றனவா இடம்மாற்றுகின்றனவா என்ற அளவுகோலிலேயே சோதிக்கப்பட வேண்டும். ரிசர்வ் வங்கி 2022 ஜூலையில் ரூபாயில் விலைப்பட்டியல் எழுத வழிசெய்தது. ஆனால் நாணயத்தைத் தேர்ந்தெடுப்பது சட்ட அனுமதியைவிடப் பேரம் பேசும் வலிமையைப் பொறுத்தது. ரூபாயில் கேட்கும் விற்பவரை விட்டு, டாலரில் தரும் இன்னொரு நாட்டுக்காரரிடம் பையர் போகலாம். அதைவிட நடைமுறைக்கு ஒத்தது விகித இடர்ப்பகிர்வு விதி. பேசிய விகிதத்திலிருந்து குறிப்பிட்ட அளவுக்கு மேல் மாறினால் அந்த வேறுபாட்டை இருவரும் சரிபாதியாக ஏற்பது பாடநூல்களில் உள்ள பழைய ஏற்பாடுதான். நீண்டகால உறவுள்ள பெருநிறுவனங்களுக்கிடையே அது பொருந்துகிறது. ஒவ்வொரு பருவத்துக்கும் ஆர்டர் மாறும் ஆடைத் தொழிலில் அதைக் கோரும் வலு தனி ஏற்றுமதியாளருக்கு இல்லை. ஏற்றுமதியாளர் சங்கங்கள் கூட்டாகக் கேட்க வேண்டிய கோரிக்கை இது.

பன்னாட்டு நிதி அறிக்கை நெறிகள், நாணயம் இவ்வளவு மாறினால் தம் லாபம் எவ்வளவு மாறும் என்று நிறுவனங்களைச் சொல்ல வைக்கின்றன. தாம் எந்த நாணயத்தில் கொள்முதல் செய்கிறோம், விகிதம் மாறினால் விலையைத் திருத்தும் விதி அந்த ஒப்பந்தங்களில் உண்டா என்பதையும் அவை சொல்ல வைத்தால், செலாவணி மேலாண்மையின் வெற்றியில் எவ்வளவு திறமை, எவ்வளவு கைமாற்றல் என்று பிரித்துக் காண முடியும். அதுவரை, 'எங்கள் நாணய இடர் மூடப்பட்டுவிட்டது' என்ற ஆண்டறிக்கை வாக்கியத்தைப் படிப்பவர், யாருடைய செலவில் என்ற கேள்வியையும் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது.